நாய் தங்காத தோட்டம்: மறு குட்டி கொண்டுவருமுன் செய்ய வேண்டியவை

“எங்கள் தோட்டத்தில் நாய் தங்குவதில்லை ஐயா. ஒன்றரை வருடத்தில் மூன்று குட்டிகள் போய்விட்டன. மூன்றுக்கும் ஒரே மாதிரிதான். வாந்தி, ரத்தமாகக் கழிச்சல், மூன்றாம் நாள் சாவு. இடத்தில் ஏதோ தோஷம் என்கிறார்கள் பெரியவர்கள். காவலுக்கு நாய் இல்லாமல் போன மாசியில் பட்டியிலிருந்து இரண்டு வெள்ளாடுகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்னொரு குட்டி கொண்டுவரலாமா, வேண்டாமா?”

கரிசல் காட்டு விவசாயி ஒருவர் கேட்டுள்ள கேள்வி இது. கிராமங்களில் பயிற்சிக் கூட்டம் நடத்தப் போகும்போது, உரம், பூச்சிமருந்து பற்றிய கேள்விகளெல்லாம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில், யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி இதையே கேட்பதுண்டு. நாயைப் பற்றிப் பேசினால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற எண்ணம். ஐந்தாறு ஆடும் ஒரு பசுவும் வைத்துக்கொண்டு தோட்டத்திலேயே குடியிருக்கும் சிறு விவசாயிக்கு நாய் என்பது விளையாட்டுச் சாமான் அல்ல. இரவில் அவர் தூங்குவதே அதை நம்பித்தான். ஆகவே இக்கேள்விக்கு விரிவாகவே விடை கூறலாம்.

குட்டி கொண்டுவரலாம். ஆனால் இறந்த குட்டி படுத்த அதே சாக்கில், அது குடித்த அதே தட்டில், அது கட்டியிருந்த அதே வேப்பமரத்தடியில், பதினைந்தே நாளில், ஊசி போடாத இன்னொரு குட்டியைக் கட்டினால் அதுவும் பிழைக்காது. பெரியவர்கள் இடத்தின்மேல் பழி போடுவதில் பாதி உண்மை இருக்கிறது. இடத்தில் தோஷம் இருக்கத்தான் செய்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத நச்சுயிரி. மண்ணிலும் சாக்கிலும் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கக் கூடியது.

முதலில் எந்த நோய் என்று தெரிய வேண்டும்

எல்லா நோயும் மண்ணில் தங்குவதில்லை. சில, நாய் இறந்த சில நாளிலேயே அழிந்துவிடும். சில, ஓராண்டு வரை விடாது. ஆகையால் எவ்வளவு நாள் காத்திருப்பது என்ற கேள்விக்கு, நாய் எதனால் செத்தது என்பதை அறியாமல் விடை சொல்ல முடியாது. நாய் இறந்தவுடன் புதைக்க அவசரப்படாமல், அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் தகவல் கூறி, இயன்றால் பிரேதப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இதைச் செய்கிற நாம் நாய்க்குச் செய்வதில்லை. நோயின் பெயர் தெரிந்துவிட்டால் அடுத்த ஓராண்டுக்கு என்ன செய்வது என்பது தெளிவாகிவிடும்.

அதற்கு வழியில்லாமற் போனால் அறிகுறிகளைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டி, திடீரென்று தீனி மறுத்து, நுரையாக வாந்தியெடுத்து, தாங்க முடியாத நாற்றத்துடன் ரத்தம் கலந்து கழிந்து, இரண்டு மூன்று நாளில் இறந்திருந்தால் அது பெரும்பாலும் பார்வோ என்னும் நோய். கண்ணிலும் மூக்கிலும் சீழ் வடிந்து, இருமி, வாரக்கணக்கில் மெலிந்து, பாதத் தோல் தடித்து, கடைசியில் தலையோ காலோ வெட்டிவெட்டி இழுத்து இறந்திருந்தால் டிஸ்டெம்பர் என்று கொள்ளலாம். கண்ணும் ஈறும் மஞ்சள் பூத்து, சிறுநீர் கறுத்துப் போயிருந்தால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். உடம்பெல்லாம் உண்ணி, ஈறு வெளுத்தல், மூக்கில் ரத்தம் என்றால் உண்ணிக் காய்ச்சலாகலாம். குணம் மாறி, குரல் கம்மி, எச்சில் ஒழுக, தாடை தொங்கி, சில நாளில் இறந்திருந்தால் வெறிநோய் என்றே கருதிச் செயல்பட வேண்டும். அதற்கு வேறு அவசரம் உண்டு. பின்னால் சொல்கிறேன்.

எதுவும் தெரியவில்லையென்றால் பார்வோ என்றே வைத்துக்கொண்டு சுத்தம் செய்வது பாதுகாப்பானது. அதற்குச் செய்கிற ஏற்பாடு மற்றவற்றுக்கும் பெருமளவு போதும்.

பார்வோ: மண்ணை விடாத நோய்

“எங்கள் தாத்தா காலத்தில் நாய்க்கு ஊசியா போட்டார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. அந்தத் தாத்தா வளர்த்த நாய்களுக்கு இந்த நோய் கிடையாது. பார்வோ என்னும் நாய்க் கழிச்சல் நோய் 1978ஆம் ஆண்டில்தான் உலகின் பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தலைகாட்டியது. 1980களின் தொடக்கத்தில் நம் நாட்டிலும் கண்டறியப்பட்டது. இன்று இது எட்டாத ஊர் இல்லை எனலாம். நாட்டு நாய்க்கு வராது, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நம் இனங்களுக்கு வராது என்று நம்புவதும் தவறு. வெயிலையும் பட்டினியையும் தாங்குவது வேறு, முன்பின் கண்டிராத கிருமியைத் தாங்குவது வேறு.

நோயுற்ற குட்டியின் ஒரு கிராம் கழிச்சலில் கோடிக்கணக்கான நச்சுயிரிகள் இருக்கும். குட்டி தரையை நக்கினாலே போதும், தொற்றிவிடும். தொற்றிய மூன்று முதல் ஏழு நாளில் பெரும்பாலும் நோய் வெளிப்படும். சிலவற்றில் இரண்டு வாரமும் ஆகலாம். சிகிச்சை இல்லாவிட்டால் பத்துக் குட்டியில் ஒன்பது வரை இறந்துவிடும். உரிய நேரத்தில் ஊசி வழியே நீரேற்றிச் சிகிச்சை செய்தால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். பிழைத்த குட்டியும் இரண்டு மூன்று வாரத்துக்குத் தன் சாணத்தில் கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மனிதருக்கோ ஆடு மாடுகளுக்கோ இந்நோய் வராது. ஆனால் நம் செருப்பும், மண்வெட்டியும், சைக்கிள் டயரும் அதைச் சுமந்து செல்லும்.

இந்தக் கிருமி எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும்? வீட்டினுள், காய்ந்த சிமென்டுத் தரையில், சுத்தம் செய்துவிட்டால் ஒரு மாதத்திற்குள் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். வெளியே மண்ணில், நன்றாக வெயில் படும் இடமென்றால் ஐந்து மாதம் என்றும், நிழலான ஈர மண் என்றால் ஏழு மாதம் என்றும் ஒரு கணக்கு வைப்பதுண்டு. சில சூழ்நிலைகளில் ஓராண்டும் தாண்டும். நாம் நாயை எங்கே கட்டுகிறோம்? குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மரநிழலில், தொட்டித் தண்ணீர் வழிந்து ஈரமாக இருக்கும் இடத்தில். கிருமிக்கும் அதுதான் வசதியான இடம். கடிதம் எழுதியவரின் மூன்று குட்டிகளும் ஒரே இடத்தில் கட்டப்பட்டவையாக இருந்தால், அதில் வியப்புக்கு ஒன்றுமில்லை.

சுத்தம் செய்யும் முறை

இறந்த நாயை ஓடையிலோ புதரிலோ எறிவதைப் போன்ற கெடுதல் வேறில்லை. தெருநாய்களும் காகங்களும் ஊர் முழுவதும் அதைப் பரப்பிவிடும். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தொலைவில், நான்கைந்து அடி ஆழத்தில் குழி எடுத்து, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். அது படுத்திருந்த சாக்கு, கட்டியிருந்த கயிறு, தோல் பட்டை, மர முட்டு ஆகியவற்றை எரித்துவிட வேண்டும். இரும்புச் சங்கிலியையும் அலுமினியத் தட்டையும் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் மீண்டும் பயன்படுத்தலாம். மண்சட்டியை உடைத்துப் புதைத்துவிடுவதே மேல்.

நாயின் கழிவைக் குப்பைக் குழியில் போடக்கூடாது. அது எருவாகி வயலெங்கும் போய்ச் சேரும். தனிக் குழியில் இட்டு மூடவும்.

அடுத்து மருந்து. நம் வீடுகளில் சுத்தம் என்றதும் பினாயிலைத்தான் தேடுகிறோம். வாசனைக்கு அது சரி. பார்வோ கிருமியை அது அழிப்பதில்லை. சோப்புத் தண்ணீரும், சாராய மருந்தும், கடைகளில் வாசனையோடு விற்கும் தரை துடைக்கும் திரவங்களில் பலவும் இதற்குப் பயன்படா. சாணம் தெளித்து மெழுகுவது வீட்டுக்கு அழகு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கிருமியின் மேல் ஒரு போர்வையைப் போர்த்துகிறதே தவிர, அதைக் கொல்வதில்லை. மஞ்சள் நீரும் வேப்பிலையும் அப்படியே.

குளோரின் மருந்தே நம்பகமானது. மலிவாகக் கிடைப்பது பிளீச்சிங் பவுடர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் வீதம், பத்து லிட்டர் வாளிக்கு 100 கிராம் கரைத்துக்கொள்ள வேண்டும். காரமான வாடை அடிக்கும் புதிய தூளாக இருக்க வேண்டும். மூட்டையைத் திறந்துபோட்டு மழைக்காற்றில் கட்டி தட்டிய தூளில் வீரியம் இருக்காது. கரைத்ததைச் சற்று நேரம் தெளியவிட்டு, அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். மறுநாளுக்கு வைக்கக்கூடாது.

இதில் பலரும் ஒரு படியை விட்டுவிடுகிறார்கள். அழுக்கின் மேல் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் அதன் வீரியமெல்லாம் அழுக்கோடு போராடுவதிலேயே தீர்ந்துவிடும். எனவே முதலில் சாணம், மூத்திரம், வாந்தி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, சோப்புத் தண்ணீரும் துடைப்பமும் கொண்டு தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசிய பிறகே கரைசலை ஊற்ற வேண்டும். ஊற்றிய கையோடு கழுவிவிடாமல் குறைந்தது பத்து நிமிடம் தரை நனைந்தே இருக்கட்டும். வாரம் ஒருமுறை என மூன்று தடவை செய்வது நல்லது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, காற்றோட்டமான நேரத்தில் செய்யுங்கள். பினாயிலுடனோ கழிவறை ஆசிட்டுடனோ கலக்கவே கூடாது. விஷ வாயு உண்டாகும். ஆட்டுத் தொட்டியிலும் மீன் குட்டையிலும் இந்தக் கரைசல் கலவாமல் பார்த்துக்கொள்ளவும்.

மேலே சொன்னது சிமென்டுத் தரைக்கும் கல் பாவிய தளத்துக்கும். மண் தரையை மருந்தால் முழுவதும் சுத்தம் செய்ய இயலாது. நாய் கட்டியிருந்த இடத்தைச் சுற்றி மூன்று நான்கு அங்குல மேல்மண்ணைச் செதுக்கி எடுத்து ஆழமான குழியில் மூடிவிட்டு, நாய் நடமாட்டமில்லாத இடத்திலிருந்து செம்மண்ணோ கிராவலோ கொண்டுவந்து நிரப்பலாம். மேலே தாழ்ந்திருக்கும் கிளைகளைக் கழித்து வெயில் படச் செய்யுங்கள். பங்குனி, சித்திரை வெயில் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் மருந்து. இவ்வளவும் செய்தாலும் அந்த மண்ணில் கிருமி குறைந்திருக்குமே தவிர, அறவே இல்லை என்று யாரும் உறுதி கூற முடியாது. அதனால்தான் புது நாயை வேறு இடத்தில் கட்டுங்கள் என்கிறோம். பத்து முழம் தள்ளிக் கட்டுவதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. மழைநீர் பழைய இடத்திலிருந்து வழிந்து வராத மேட்டுப்பக்கமாக அது இருக்கட்டும்.

மற்ற நோய்களுக்கு இவ்வளவு கெடு வேண்டாம்

டிஸ்டெம்பரில் நாய் இழுத்து இழுத்துச் சாவதைப் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தைப் பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் இந்த நச்சுயிரி உடலுக்கு வெளியே மிகவும் பலவீனமானது. வெயிலிலும் உலர்ந்த இடத்திலும் சில மணி நேரத்தில், அதிகம் போனால் சில நாளில் மடிந்துவிடும். சோப்பும் பினாயிலும்கூட இதற்குப் போதும். (அக்காலத்தில் மாட்டு மந்தைகளையே அழித்த வெக்கை நோயின் கிருமிக்கு இது நெருங்கிய உறவு. வெக்கை நோய் உலகை விட்டே ஒழிந்ததாக 2011ல் அறிவிக்கப்பட்டுவிட்டது. உறவுக்காரன் மட்டும் இன்னும் இருக்கிறான்.) இங்கே ஆபத்து மண்ணில் அல்ல, உயிரோடிருக்கும் மற்ற நாயில் உள்ளது. வீட்டில் இரண்டு நாய் இருந்து, ஒன்று இறந்து, மற்றொன்று நோய் கண்டு தேறியிருந்தால், தேறிய நாய் இரண்டு மூன்று மாதம் வரை கிருமியை வெளியிடலாம். அதுவரை புதுக் குட்டியை அதனோடு சேர்க்கக் கூடாது.

எலிக்காய்ச்சல் ஈரத்தில் வாழ்வது. எலியின் மூத்திரம், நோயுற்ற நாயின் மூத்திரம் கலந்த சகதியிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் இருக்கும். காய்ந்தால் செத்துவிடும். ஆகவே தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்டுவதும், தீவனக் கொட்டகையில் எலியை ஒழிப்பதுமே இதற்குச் சிகிச்சை. இது மனிதருக்கும் மாட்டுக்கும் வரக்கூடியது. நாய் மஞ்சள் காமாலை கண்டு இறந்தபின் வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் மருத்துவரிடம் நாயின் சாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உண்ணிக் காய்ச்சலில் இறந்திருந்தால் சுவர் இடுக்கைப் பாருங்கள். பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுவது அங்கேதான். தீனி இல்லாமலே உண்ணி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்பு அடித்து, கால்நடை மருத்துவர் கூறும் உண்ணி மருந்தைக் கொட்டகை முழுவதும் தெளித்த பிறகே புது நாய் வரவேண்டும்.

வெறிநோய்: இடத்தைவிட ஆட்களைப் பாருங்கள்

வெறிநோய்க் கிருமியும் வெயிலில் நிற்காது. சோப்பு நீரில் அழிந்துவிடும். நாய் கட்டியிருந்த இடத்தை, கையுறை அணிந்து, கழுவிக் காயவிட்டால் போதும். ஆனால் மறு நாய் தேடுமுன், அந்த நாய் யாரைக் கடித்தது, யாருடைய புண்ணை நக்கியது, தாடை தொங்குகிறதே, எலும்பு சிக்கியிருக்குமோ என்று யார் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தார் என்பதையெல்லாம் கணக்கெடுக்க வேண்டும். கடைசியில் சொன்னதைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான் பாசத்தினால் செய்வார்கள். அதை யாரும் கடி என்று கருதுவதில்லை. அவர்கள் அத்தனை பேரும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். காயமிருந்தால் முதலில் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். ஊசியை மருத்துவர் சொன்ன நாட்களில் ஒன்றுகூட விடாமல் போட்டு முடிக்க வேண்டும். நோய் வெளிப்பட்ட பின் மனிதருக்கும் மருந்து இல்லை.

கடிபட்ட ஆடு மாடு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடிக்குப் பின் அவற்றுக்கும் தடுப்பூசி போட முடியும். வீட்டில் மற்றொரு நாய் இருந்து, அதற்கு ஊசி போடாதிருந்து, வெறிநாய் அதைக் கடித்திருந்தால், அதை வைத்துக்கொள்வதா இல்லையா என்பதை மருத்துவர் முடிவுக்கே விட வேண்டும். ஆறு மாதம் கழித்துக்கூட அதற்கு நோய் வரலாம். அந்த நாயின் பக்கத்தில் புதுக் குட்டியைக் கட்டுவது கூடவே கூடாது.

குட்டியா, வளர்ந்த நாயா?

பார்வோ கண்ட தோட்டத்துக்கு, முதல் ஓராண்டில், நான் குட்டியைச் சிபாரிசு செய்வதில்லை. ஊசி போட்ட, ஒரு வயது கடந்த நாயே நல்லது. ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தால், சுத்தம் செய்த தோட்டத்துக்கு உடனேயே கொண்டுவரலாம். வளர்ந்த நாய் ஒட்டாது, பழைய வீட்டுக்கே ஓடிவிடும் என்று அஞ்சுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் கட்டிப்போட்டு, ஒரே ஆள் கையால் தீனி வைத்து, மாலையில் சங்கிலியோடு வரப்பைச் சுற்றி நடத்திவந்தால் பெரும்பாலான நாய்கள் ஒட்டிவிடும். காவலும் முதல் மாதத்திலேயே கிடைக்கும். குட்டியாக இருந்தால் அதற்கே நாம்தான் காவல் இருக்க வேண்டும்.

பிள்ளைகள் அழுகிறார்கள், குட்டிதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. தாய்க்கு ஊசி போட்ட வீட்டில் குட்டி எடுங்கள். இறந்த குட்டியோடு பிறந்ததையோ, அதே வீட்டின் அடுத்த ஈற்றையோ எடுக்குமுன் அங்கே கழிச்சல் வந்ததா என்று விசாரியுங்கள். சந்தையில் கூடைக்குள் அடைத்து விற்கும் குட்டிகளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்க வேண்டாம். பல ஊர்க் குட்டிகள் ஒன்றாகக் கிடக்கும் கூடையில் எந்த ஊர் நோய் இருக்கிறதோ யாருக்குத் தெரியும்! கண் திறந்ததும் குட்டியைத் தூக்கிவரும் வழக்கத்தையும் விட வேண்டும். எட்டு வாரமாவது தாயுடன் இருக்கட்டும். வெள்ளை ராஜபாளையம் குட்டியானால், அதன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். அவ்வினத்தில் பிறவிச் செவிடு காணப்படுகிறது. காது கேளாத நாய் காவலுக்கு ஆகாது.

ஊசி ஒன்று போட்டால் போதாதா?

போதாது. ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் பணத்தை வீணாக்க மாட்டீர்கள். குட்டி, தாயின் சீம்பாலிலிருந்து எதிர்ப்புச் சக்தி பெறுகிறது. இச்சக்தி நாளுக்கு நாள் குறைந்து, சில குட்டிகளுக்கு ஆறு வாரத்திலும் சிலவற்றுக்குப் பதினாறு வாரம் நெருங்கும்போதும் தீர்ந்துபோகும். அது உடம்பில் இருக்கும் வரை, நாம் போடும் தடுப்பூசியையும் எதிரி என்று கருதி முறித்துவிடும். அதே சமயம், மண்ணிலிருந்து பெருமளவில் வரும் உண்மையான கிருமியைத் தடுக்கும் அளவுக்கு அதில் வலு இருக்காது. ஊசியும் பலிக்காது, தாய் தந்த காப்பும் பலிக்காது என்ற இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான குட்டிகள் சாகின்றன. விதைப் பருப்பில் இருந்த உணவு தீர்ந்து, வேரும் மண்ணைப் பிடிக்காத நிலையில் நாற்று வாடுவதற்கு இதை ஒப்பிடலாம்.

எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் இந்த இடைவெளி வரும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவேதான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் முடியும் வரை கூட்டுத் தடுப்பூசியைத் திருப்பித் திருப்பிப் போடுகிறோம். எட்டாவது, பன்னிரண்டாவது, பதினாறாவது வாரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். பதினாறாவது வாரத்தில் போடும் கடைசி ஊசியை விட்டுவிட்டால் முன்பு போட்டவை இரண்டும் வீணாகவும் கூடும். பிறகு ஓராண்டில் ஒன்று. வெறிநோய்த் தடுப்பூசி இவற்றிலிருந்து வேறு. மூன்று மாதம் முடிந்ததும் அதைத் தனியே போட்டு, ஆண்டுதோறும் தொடர வேண்டும். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்க மருந்தும் கொடுத்துவிடுங்கள்.

மருந்துக் கடையில் ஊசி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி மருந்தகத்துக்கு வருபவர்களைப் பார்க்கிறோம். அது வெறும் தண்ணீர் ஊசிதான். 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய பொருள் அது. ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்கில் கொண்டுவரவும். குட்டிக்குப் போடும் எல்லா ஊசிகளின் செலவையும் கூட்டினாலும் ஒரு வெள்ளாட்டுக் குட்டியின் விலையைத் தாண்டாது. களவுபோன இரண்டு ஆடுகளை நினைத்தால் இது பெரிய தொகையல்ல.

கடைசி ஊசி போட்டுப் பத்து நாள் கழியும் வரை குட்டியின் கால் பழைய இடத்து மண்ணில் படக்கூடாது. உறவினர் வீட்டிலோ, குட்டி கொடுத்தவர் வீட்டிலோ, தீனிச் செலவைக் கொடுத்து, அதுவரை விட்டுவைப்பது மிகச் சிறந்தது. முடியாவிட்டால் மச்சிலோ, உயரமான திண்ணையிலோ, பழைய நாய் ஏறாத சிமென்டுத் தளத்திலோ வையுங்கள். தோட்டத்துச் செருப்போடு யாரும் அங்கே ஏறக் கூடாது. அதற்காகக் குட்டியை நான்கு மாதம் இருட்டறையில் அடைத்தால் பயங்கொள்ளியாக வளரும். கூடையில் வைத்தோ தோளில் போட்டோ தினமும் ஆட்டுப்பட்டிப் பக்கம் தூக்கிச் செல்லுங்கள். ஆட்டு வாடையும் மணிச்சத்தமும் பழகட்டும். கீழே மட்டும் இறக்கிவிட வேண்டாம்.

வந்த முதல் இரண்டு வாரம் காலை மாலை அதன் தீனியையும் சாணத்தையும் கவனிக்கவும். ஒரு வேளை தீனி மறுத்தால் பொறுக்கலாம். தீனி மறுத்து வாந்தியும் எடுத்தால், கழிச்சலுக்குக் காத்திராமல் அன்றே புறப்படுங்கள். வாந்தியெடுக்கும் குட்டிக்குக் கஷாயமோ மோரோ வாயில் ஊற்ற வேண்டாம். மூச்சுக்குழலுக்குள் போய்விடும். எரித்துவிடக்கூடிய அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்று, மருந்தகத்தில் மற்றக் குட்டிகளின் நடுவே வரிசையில் உட்காராமல், வாசலிலேயே நின்று, கழிச்சல் சந்தேகம் என்று சொல்லிவிடவும்.